நாலாவது ஸ்ட்ரெச்சர்

பதினோரு கிலோ அதிகம்.

இவ்வளவு பெரிய ஹெலிகாப்டருக்குப் பதினோரு கிலோ ஒரு பொருட்டா என்று வெளியாள் யாராவது கேட்கலாம். அந்த அறைக்குள் வந்து கேட்டால் தெரியும் சேதி. எட்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பத்து மணிக்கு அந்த நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒரு போல்ட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வாய்ச்சண்டை போட்டு, தொண்டை கட்டி, முடி கொட்டிப் போனவர்கள் அவர்கள். சொந்த நாட்டிலேயே செய்யும் முதல் ராணுவ ஹெலிகாப்டர். சாமான் ஏற்றும், ஆள் ஏற்றும், அடிபட்டவர்களைப் படுக்கவைத்துக் கொண்டுவரும். "உள்நாட்டுத் தயாரிப்பு" என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. இன்ஜினும் கியர்பாக்ஸும் கடல் தாண்டி வருவதைப் பொடி எழுத்தில் போட்டன.

அந்த இன்ஜினைத் தரும் கூட்டாளி கம்பெனி கறாராக ஓர் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தது. ஆளும் எரிபொருளும் இல்லாத வெறும் வண்டி இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால், மலை உயரத்தில் நேர்குத்தாக எழும்பும் என்று அவர்கள் கொடுத்த உத்தரவாதம் செல்லாது. அதற்கப்புறம் எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிடுவார்கள். இப்போதைய கணக்கு, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று.

கணக்கைச் சொன்னவள் எடைப் பிரிவின் தலைவி. தொழிற்சாலை முழுக்க அவளைத் தராசு என்றுதான் கூப்பிடும். அவள் கேன்டீனுக்குள் நுழைந்தால் யாராவது ஒருவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "அக்கா, நான் இன்னைக்கு ஒண்ணுமே சாப்பிடல" என்பான். எட்டு வருஷமாக அதே ஜோக். எட்டு வருஷமாக அவள் சிரித்ததில்லை. கோபப்பட்டதும் இல்லை என்பதால் அவர்களும் விடவில்லை.

"எதையெல்லாம் எடுக்கலாம்னு பார்த்தேன்," என்றாள். "நாலாவது ஸ்ட்ரெச்சர். சட்டம், கம்பம், பெல்ட், ஆக்ஸிஜன் மாட்டுற கொக்கி, தரைக்கு அடியில குடுத்த முட்டு, எல்லாம் சேர்த்தா பதினொண்ணு சொச்சம் வருது. எடுத்துடலாம்."

காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

வயரிங் பிரிவுத் தலைவன் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடினான். அவனை எல்லோரும் ஷாக் என்பார்கள். கதவுகள் செய்யும் பிரிவின் தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றுமில்லை. கூட்டாளி கம்பெனியிலிருந்து வந்து மூன்று வருஷமாக இங்கேயே குடியிருக்கும் என்ஜினியர், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம் என்பதால் நெட்டையர், தன் நோட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். எடுக்க வேண்டியது அதுதான் என்று அத்தனை பேருக்கும் இரண்டு வாரமாகவே தெரியும். அவளிடம் அதை யார் சொல்வது என்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவளே சொல்லித் தொலைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அவளுடைய தம்பி ஒரு மலைக் காவல் சாவடியில் சிப்பாயாக இருந்தான். ஒரு நாள் குண்டு விழுந்து நாலு பேருக்கு அடி. சாவடிக்குக் கீழே இரண்டு மணி நேர நடைதூரத்தில் ஹெலிகாப்டர் இறங்கும் சமதரை. நாலு பேரையும் தூக்கிக்கொண்டு வந்து அங்கே படுக்கவைத்துவிட்டுத் தூக்கியவர்கள் சாவடிக்குத் திரும்பிவிட்டார்கள். வந்தது வெளிநாட்டில் வாங்கிய பழைய வண்டி. இரண்டு ஸ்ட்ரெச்சர்தான் கொள்ளும். இரண்டு பேரை ஏற்றி, மருத்துவ உதவியாளரும் கூடவே ஏறி, அரை மணியில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது; சாவடியிலிருந்தும் யாரும் இறங்கி வர வழியில்லை. வண்டி திரும்பிப் போனது இரண்டு நாள் கழித்து. மீதியிருந்த இருவரில் ஒருவன் தம்பி.

அப்போது அவள் ஒரு லாரி கம்பெனியில் அடிச்சட்டம் வரைந்துகொண்டிருந்தாள். மறு வருஷம் இந்தத் திட்டத்துக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. ஏன் வருகிறீர்கள் என்று நேர்முகத்தில் கேட்டதற்கு, "வீட்டுக்குப் பக்கம், ஒரே பஸ்" என்றாள். அது உண்மையும்கூட. ராணுவம் கேட்டது மூன்று ஸ்ட்ரெச்சர். வண்டி வெறும் கோடாகத் தாளில் கிடந்த ஆரம்ப காலத்தில், நாலு வைக்க இடமிருக்கிறது என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தவள் அவள். அப்படித்தான் நாலாவது உள்ளே வந்தது.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வதைத்தான் அவர்கள் மரியாதை என்று நினைத்தார்கள். அவளுக்கோ மரியாதையும் ஒன்றுதான், அது இல்லாததும் ஒன்றுதான். தம்பி போன செய்தி வந்த அன்று அவள் அழவில்லை. அப்புறம் அழலாம் என்று தள்ளிப்போட்டது போல இருந்தது. அந்த அப்புறம் வரவேயில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போகுமே, அப்படி ஏதோ ஒன்று உள்ளே மரத்துவிட்டது. அதோடு சாப்பிட்டாள், தூங்கினாள், பஸ் பிடித்தாள், எடை போட்டாள்.

சீஃப் டிசைனர்தான் கடைசியில் கனைத்துக்கொண்டு பேசினார். "இன்னும் ரெண்டு மாசத்துல வண்டியை எடை போடறோம்மா. அது வரைக்கும் விட்டுவை. அன்னைக்கு எண்ணு தொள்ளாயிரத்துப் பத்துக்குள்ள வந்துச்சுன்னா நாலு. வரலைன்னா மூணு. அதோட முடிச்சுக்கலாம்."

"வராது சார்," என்றாள்.

"வராட்டி போகுது."

அவளுக்கு எப்படி அவ்வளவு நிச்சயம் என்றால், அந்தத் தொழிற்சாலையில் எடை விஷயத்தில் உண்மை பேசும் ஒரே ஆள் அவள். உள்ளூர்ப் பிரிவுகள் அத்தனையும் மடியில் கொஞ்சம் முடிந்துவைத்துக்கொண்டுதான் கணக்குக் கொடுக்கும். நாற்பது கிலோ வயர் என்றால் நாற்பத்து மூன்று என்று எழுதும். நாளைக்கு யாராவது குறைக்கச் சொன்னால் தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இரண்டைக் கொடுக்கலாம் அல்லவா. கூட்டாளி கம்பெனி நேர்மாறு. ஒப்பந்தத்தில் எழுதியதைத் தாண்டினால் அவர்கள் மானம் போகும் என்பதால், நூறு கிலோ கியர்பாக்ஸைத் தொண்ணூற்றேழு என்று சொல்லும். நம்மாட்கள் மூட்டையை ஒளித்துவைப்பார்கள், அவர்கள் தொந்தியை எக்கிப் பிடிப்பார்கள். இரண்டு பொய்யின் அளவும் தராசுக்கு அத்துப்படி. அவள் தன் சொந்த நோட்டில் இரண்டையும் நேர்செய்து ஓர் எண் வைத்திருந்தாள். அந்த எண் எட்டு வருஷத்தில் அரை கிலோவுக்கு மேல் தப்பியதில்லை. அது சொன்னது பதினொன்று.

இதற்கு நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் படுத்துவிட்டாள். அம்மா கஞ்சி கொடுத்தாள், மாத்திரை கொடுத்தாள், தலைமாட்டில் உட்கார்ந்து பழைய பேப்பர் படித்தாள். மூன்றாம் நாள் ஷாக் ஒரு ஃபைலைச் சாக்காக வைத்துக்கொண்டு பார்க்க வந்தான். சமையலறையில் அம்மாவோடு கால் மணி நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான். உடம்பைப் பற்றி விசாரிக்கிறான் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பி வேலைக்குப் போனபோது, எல்லோரும் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வழக்கமாக நிறுத்துவதைவிடச் சற்று அதிகமாக நிறுத்தினார்கள். அவள் கவனித்தாள், ஆனால் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றாமல் போனதுதான் அவளுடைய வியாதியே.

எடை போடும் நாள் வந்தது.

ஒரு ஹெலிகாப்டரை எடை போடுவது ஒரு கல்யாணத்தை நடத்தும் வேலை. எரிபொருளைச் சொட்டு விடாமல் வடிக்க வேண்டும். உள்ளே யாரோ விட்டுப்போன ஸ்பானர், துணி, டார்ச் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். விமானி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துடைக்கும் துணியும் பாதிப் பென்சிலும் கிடைத்தன. கொட்டகையின் பெரிய கதவுகளைச் சாத்தி, மின்விசிறி, குளிர்சாதனம் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். மேலே இருக்கும் அந்த நீளச் சுழல் இறக்கைகளில் லேசாகக் காற்றுப் பட்டாலே எண் பொய் சொல்லும். அப்புறம் மூன்று ஜாக்கிகளின் மேல் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். மூக்குக்கு அடியில் ஒன்று, பின்னால் இடதும் வலதுமாக இரண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் எடைக்கருவி. மூன்று எண்களையும் கூட்டினால் வண்டியின் எடை.

சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். தராசின் உதவியாளர், படிப்பு முடித்து இரண்டு வருஷம் ஆன பெண், எண்களைப் படித்துக் கூட்டினாள். கூட்டும்போதே அவள் குரல் நடுங்கியது.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒம்பது. அறுநூறு கிராம்."

கொட்டகை இரண்டாகிவிட்டது. விசில் அடித்தார்கள், மேஜையைத் தட்டினார்கள். கதவுத் தலைவர், அறுபதை நெருங்குகிற மனுஷர், குதித்தே விட்டார். எல்லோரும் தராசைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா," என்று ஷாக் முன்னால் வந்தான். "பேனலுக்குப் பின்னால இருந்த தட்டையே தூக்கிட்டு, வயரை எல்லாம் புதுசா இழுத்தோம். மூணு கிலோ இருநூறு."

"ரெண்டு விமானி கதவோட உள்தகடு என்னோடது," என்றார் கதவுத் தலைவர். "மெல்லிசு ஃபைபர் போட்டேன். நாலு கிலோ நூறு. ஞாயித்துக்கிழமை எல்லாம் வந்து பண்ணினோம்மா."

நெட்டையர் வெட்கப்பட்டார். அவருக்கும் இவர்களுக்கும் பொதுவாக இருந்த அரைகுறை மொழியில், "பேட்டரி சின்னதா ஒண்ணு எங்க ஊர்லேருந்து வரவழைச்சேன். நாலு முந்நூறு. எங்க ஆபீஸ்ல என்னைத் திட்டினாங்க," என்றார்.

எந்த மாற்றமானாலும் எடைப் பிரிவின் கையெழுத்து வேண்டும். அவள் காய்ச்சலில் படுத்திருந்த ஐந்து நாளில் மூன்று தாளையும் உதவியாளரிடம் நீட்டிக் காரியத்தைச் சாதித்திருந்தார்கள். அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று ஏற்பாடு. இன்ப அதிர்ச்சியாம்.

எட்டு வருஷமாக ஒரு கிராம் கொடுக்க மூக்கால் அழுதவர்கள். அவளுக்காகப் பதினொன்றரை கிலோவைக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். சிரித்தாலும் போதும் என்றிருந்தார்கள். இடித்து வைத்த புளி மாதிரி நின்றாள் அவள்.

அவள் கூட்டுத்தொகையைப் பார்க்கவில்லை. மூன்று எண்களையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு எண் மிகவும் குறைந்திருந்தது.

"எல்லாமே முன்பக்கத்துல இருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா," என்றான் ஷாக், சந்தோஷமாக.

"ரொம்ப நன்றி," என்றாள். யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள்.

தன் மேஜைக்குப் போய்க் கணக்கைப் போட்டாள். ஹெலிகாப்டர் என்பது பிடியைப் பிடித்துத் தூக்கிய பை. பளு பிடிக்கு நேர் கீழே இருக்க வேண்டும். முன்பக்கம் இளைத்துவிட்டால் வால் தொங்கும். வாலைத் தூக்க விமானி கைப்பிடியை முன்னால் தள்ளுவார். கைப்பிடிக்கு ஒரு எல்லை இருக்கிறது, அதற்குமேல் தள்ள முடியாது. நாலாவது ஸ்ட்ரெச்சரின் இடம் கேபினின் கடைசிச் சுவரை ஒட்டி. நாலு பேரையும் ஏற்றி, முன்தரைக்கு அடியில் இருக்கிற எரிபொருளும் தீரத் தீர, கைப்பிடி எல்லையில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். நாலு பேரோடு வால் குத்திக் கீழே வரும். அவள் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே விடை.

முன்மூக்கில் ஆறு கிலோ ஈயம் வைத்தால் சரியாகிவிடும். ஆனால் எடை தொள்ளாயிரத்துப் பத்தைத் தாண்டிவிடும். பழைய பேட்டரியைத் திரும்ப வைத்தாலும் தாண்டிவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் நாலாவது போய்விடும்.

வேறு ஒரு கணக்கும் அவள் கை தானாகப் போட்டது. பதினொன்றரையில் பாதியை முன்னாலும் பாதியை வால் பக்கமும் எடுத்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும். நாலாவதும் நின்றிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் வால் பக்கம் இன்னும் திறந்து கிடந்தது. இப்போது சோதனை முடிந்து முத்திரை வைத்தாகிவிட்டது. பத்து நாளில் ராணுவம் வண்டியைப் பார்க்க வருகிறது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அவளிடம் சொல்லியிருந்தால் போதும். எடையை எங்கேயிருந்து எடுப்பது என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவளிடம் மட்டும் மறைத்துவிட்டார்கள், பிரியத்தினால்.

நெட்டையர் காபிக் கோப்பையோடு வந்தார். தாளைப் பார்த்தார். கோப்பையை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஒரு வழி இருக்கு," என்றார். "கையேட்டுல ஒரு குறிப்பு போட்டுடலாம். டாங்க் பாதிக்கு மேல நிறைஞ்சிருந்தா மட்டும் நாலாவது. அப்ப முன்பக்கம் கனமா இருக்கும், பிரச்சினை வராது."

"அரை டாங்கோட நாலு பேரை மலையில தூக்க முடியுமா?"

அவர்களுடைய இன்ஜின். முடியாது என்று நெட்டையருக்குத் தெரியாததா.

"ஆனா ஸ்ட்ரெச்சர் இருக்கும்," என்றார். "விளம்பரத்தாள்ல நாலுன்னு இருக்கும். உங்க சீஃப் ஒத்துக்குவாரு. அடுத்த மாடல்ல சரி பண்ணிக்கலாம். இப்ப எடுத்துட்டா அந்த இடத்துல ஏதாவது ரேடியோ பெட்டி வந்து உட்கார்ந்துடும். அப்புறம் எப்பவுமே திரும்பி வராது."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். கையெழுத்து அவளுடையது. இந்தக் கணக்கை இந்த வாரத்தில் வேறு யாரும் போட்டுப் பார்க்கப் போவதில்லை. குறிப்பை எழுதினால் நாலாவது ஸ்ட்ரெச்சர் இருக்கும். தொட்டுப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். எட்டு வருஷம் வீண் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் வெகு நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புத்தகத்துல நாலுன்னு இருந்தா," என்றாள், "மேல இருக்கிறவன் நாலு பேரைத் தூக்கிட்டு வந்து கீழ படுக்க வச்சுடுவான். வேற ஏற்பாடு பண்ண மாட்டான். வண்டி வந்தப்புறம்தான் அவனுக்குத் தெரியும்."

நெட்டையர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். காபியை அவர் குடிக்கவேயில்லை.

அவள் எழுதினாள். நாலாவது ஸ்ட்ரெச்சர் நீக்கம். காரணம், பின்பக்கச் சமநிலை வரம்பு மீறல். கையெழுத்து, தேதி.

நாலு மணிக்கு ஷாக் வந்தான். செய்தி பரவியிருந்தது. முகம் செத்துப்போயிருந்தது.

"நாங்க கெடுத்துட்டோமாக்கா?"

"இல்ல."

"எங்களாலதானே?"

"நீங்க எங்கேருந்து எடுத்திருந்தாலும் போயிருக்கும்," என்றாள். "நான் போட்டுப் பார்த்துட்டேன். எப்படியும் நின்னிருக்காது."

எடை விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய். ஷாக் அவளைப் பார்த்தான். அவனும் என்ஜினியர்தான். அரை நிமிஷத்தில் அந்தக் கணக்கை அவனாலும் மனசுக்குள் போட முடியும். போட்டான் என்றுதான் தோன்றியது. ஆனாலும், "சரிக்கா," என்றான். மேஜையில் இருந்த கையெழுத்துத் தாளின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே நின்றிருந்தான். "போ, வேலையைப் பாரு," என்று அவள்தான் அனுப்பி வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தெருவில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா வாசல் கதவைத் திறந்துவைத்து நிலையில் சாய்ந்து நின்றாள். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள். எங்கேயாவது கிளம்புகிறாளா என்று நினைத்தாள் இவள்.

"என்னடி, நின்னுச்சா?"

"எது?"

"அதான், உன் நாலாவது கட்டில். நீ காய்ச்சல்ல கிடந்தப்போ அந்தத் தம்பி வந்து சொல்லிட்டுப் போச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போச்சு. ரெண்டு மாசமா நான் வாயைக் கட்டிட்டு இருக்கேன். இன்னைக்குத்தானே எடை?"

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து செருப்பின் வாரை அவிழ்த்தாள்.

"நிக்கலம்மா. மூணுதான்."

அம்மா விரலை மடித்தாள். உதடு அசைந்தது. ஏதோ எண்ணுகிறாள்.

"மூணா?" என்றாள். "அவன் போனப்ப வந்த கடுதாசில ஏத்தற வரிசையில பேரு போட்டிருந்தாங்களே. நம்ம பையன் மூணாவதுதானே?"

"ஆமா."

"அப்ப மூணு இருந்திருந்தா அவன் ஏறியிருப்பான்." அம்மாவின் குரல் லேசாகிவிட்டது. மெல்ல வந்து மகள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். "ஏறியிருப்பான்டி. இனிமே அவன மாதிரி ஒருத்தன் ஏறிடுவான். போதும். நீ பட்ட பாட்டுக்கு அது போதும். எதுக்கு இன்னொண்ணுன்னு நீ இப்படி அடிச்சுக்கிறே?"

அம்மா அந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும்தான் படித்தாள். பெயர் வரிசையைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டாள். எழுதியவர் முதல் இருவரோடு ஏறிப்போன அந்த மருத்துவ உதவியாளர். இரண்டாவது பக்கத்தை மகள் படித்தாள். ஒரே தடவை படித்து, மடித்து, வைத்துவிட்டாள். ஒன்பது வருஷமாக அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

"ரெண்டாவது பக்கம் நீ படிக்கலம்மா."

"அதுல என்ன இருக்கு?"

"திரும்பிப் போய்ப் பார்க்கிறப்ப, அவங்க ரெண்டு பேரும் ஒரே கம்பளிக்குள்ள இருந்தாங்களாம். ஒருத்தன் கையை ஒருத்தன் பிடிச்சிருந்தானாம். பக்கத்துல ரேடியோ இருந்திருக்கு. ரெண்டு நாளும் அவங்க பேசிக்கிட்டே இருந்தது அது வழியா மேல சாவடியில கேட்டுச்சாம். சாப்பாட்டைப் பத்தி, பந்து ஆட்டத்தைப் பத்தி. நடுவுல சிரிச்சாங்களாம்."

அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"தம்பிக்குத் துணைக்கு ஒருத்தன் இருந்தாம்மா. ரெண்டு பேரை ஏத்தினதால ரெண்டு பேர் மிச்சம். மூணு பேரை ஏத்திட்டா..."

அதற்குமேல் அவளுக்கு வரவில்லை.

அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். "ஒத்தையில கிடப்பான்."

வலித்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக வலித்தது. ஒரு காலில் செருப்போடு, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தெரியாமல் அவள் அழுதாள். தம்பியை நினைத்து அழுகிறாள் என்று எண்ணி அம்மா முதுகைத் தடவினாள். தம்பிக்காக இல்லை. இன்னும் அடிபடாத, இந்தச் சாயங்காலம் எந்தத் தெருவிலோ பந்தை விரட்டிக்கொண்டு ஓடுகிற, அவள் கையெழுத்துப் போட்டுத் தனியாக விட்டுவிட்டு வந்த அந்த ஒருவனுக்காக அழுதாள்.